ரொட்டியில் ஒரு பொருள், கொடியில் ஒரு பொருள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் லியோன் நகருக்கு வந்து பிரெஞ்சு கற்றுவருகிறேன். சந்தையில் திராட்சைக் குலைகளுக்கு மேல் 'ரெஸேன்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பேக்கரியில் விற்கும் 'பேன் ஓ ரெஸேன்' என்ற சுருள் ரொட்டிக்குள் இருப்பது உலர்ந்த திராட்சை. ஆங்கிலத்தில் 'ரெய்சின்' உலர்ந்ததை மட்டுமே குறிக்கிறது. ஏன் இந்தக் குழப்பம்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரெஞ்சில் 'ரெஸேன்' கொடியில் பழுக்கும் பழத்தின் பெயர். உலர்ந்ததற்கு அதனுடன் 'செக்' என்ற அடைமொழி சேர்ந்து 'ரெஸேன் செக்' ஆகிறது. உங்கள் ரொட்டியின் பெயரில் அந்த அடைமொழி இல்லாததற்குக் காரணம், அங்கே அதற்குத் தேவையில்லை என்பதுதான். அந்த ரொட்டியில் உலர்ந்த பழத்தையே இடுவார்கள் என்பது வாங்குபவர் அனைவருக்கும் தெரியும். கொரிந்து, ஸ்மிர்னா என்ற ஊர்ப்பெயர்களோடு வரும்போதும் அது உலர்ந்ததே.

புதிதாகக் கற்பவர் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. நாம் அரிசி வாங்குவதைப் போல, பிரெஞ்சுக்காரர் இப்பழத்தை எண்ணாமல் ஒருமையிலேயே கேட்டு வாங்குகிறார். தனிப் பழத்தைச் சொல்ல 'க்ரேன் த ரெஸேன்' என்றும், குலையைச் சொல்ல 'க்ராப் த ரெஸேன்' என்றும் தனியே சொல்ல வேண்டும். இந்த 'க்ராப்' என்ற சொல்லில்தான் ஆங்கிலத்தின் கதை தொடங்குகிறது.

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாகப் புகுந்தன. அதுவரை 'ஒயின் கனி' என்ற பொருள்படும் சொந்தச் சொல்லால் திராட்சையைக் குறித்த ஆங்கிலேயர், குலையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லை 'கிரேப்' என்று பழத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பழத்தைக் குறித்த சொல் நாளடைவில் உலர்ந்ததற்கு ஒதுங்கியது. குளிர்ந்த அந்த நாட்டுக்குத் தெற்கிலிருந்து இப்பழம் பெரும்பாலும் உலர்ந்த நிலையில் கப்பலேறி வந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 'ரெஸேன்' பிறந்த லத்தீன் மூலமான 'ராசேமுஸ்' என்பதும் குலையைத்தான் குறித்தது என்பதைப் பார்க்கும்போது, பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரைக் குறைசொல்ல முடியாது.

இதே விதி 'ப்ரூன்' என்ற சொல்லுக்கும் நேர்ந்தது. பிரெஞ்சில் அது புதிய பிளம் பழம், ஆங்கிலத்தில் உலர்ந்தது. ஆனால் உலர்ந்த பிளமுக்கு பிரெஞ்சு 'ப்ரூனோ' என்று தனிச்சொல்லே படைத்துக்கொண்டது; திராட்சைக்கு அப்படிச் செய்யவில்லை.

அன்றாடப் பேச்சில் இன்னொன்றும் உங்கள் காதில் விழும். ஒருவர் பாதி மகிழ்ச்சியும் பாதி மனக்குறையுமாகப் பதில் சொன்னால், அந்தப் பதில் 'மி ஃபீக், மி ரெஸேன்', அதாவது பாதி அத்தி, பாதி திராட்சை. ஓவியப் பொருள் கடைக்குப் போனால் அங்கும் 'ரெஸேன்' இருக்கும். அது 50 × 65 செ.மீ. அளவுள்ள தாள், முற்காலத்தில் அத்தாளில் பதிந்திருந்த திராட்சைக்குலை நீர்க்குறியால் அப்பெயர் பெற்றது.

அன்புடன்,
ஆசிரியர்