சம்பளத்தில் 1,920 ரூபா வெட்டு, நான் செய்த யந்திரம் முதலாளி பேரில். புதுச் சட்டங்களில் எனக்கு ஏதும் உண்டா?

கேள்வி கேட்ட தம்பி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் விவசாய உபகரணம் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வெல்டிங் வேலை. மாதம் 42,000 ரூபா. அதில் ‘வரி’ என்று 1,920 ரூபா வெட்டுகிறார்களாம். பனங்கிழங்கைத் தோலுரித்துக் கிழிக்கிற யந்திரம் ஒன்றை அவரே யோசித்துச் செய்திருக்கிறார். முதலாளி அதற்குத் தன் பேரில் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான சட்ட உரிமை) எடுக்கப் போகிறார். வரி, வேலை, பேட்டன்ட் மூன்றிலும் அண்மையில் என்ன மாறியது, தனக்கு அதில் என்ன உண்டு என்று கேட்கிறார்.

நான் சட்டத்தரணி இல்லை. 14 வருடமாகச் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன்.

தம்பி, அந்த 1,920 ரூபா வரியாக இருக்க வழியே இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமானத்துக்கு வரி கிடையாது. முன்பு அது 12 இலட்சமாக இருந்தது. இப்போதைய எல்லையை மாதக் கணக்கில் சொன்னால் 150,000 ரூபா. உங்களுடைய சம்பளம் வருடத்துக்கு 504,000தான். மாதம் 180,000 எடுக்கிற ஒருவருக்கே இப்போது வரி 1,800 ரூபா. பழைய கணக்கில் அவருக்கு 7,100 போனது.

அப்படியென்றால் 1,920 என்ன? ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுகாலச் சேமிப்பு, EPF) உங்கள் பங்கு 8 வீதம். 1,920ஐ 8 வீதமாக வைத்துப் பின்னுக்குக் கணக்குப் போட்டால் 24,000 வருகிறது. உங்களுடைய அடிப்படைச் சம்பளத்தை 24,000 என்று எழுதி, மிச்சம் 18,000ஐ ஏதோ ஒரு படி என்று காட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள்.

இங்கேதான் புதுச் சட்டம் உங்களுக்கு உதவுகிறது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரி 1 முதல் 30,000. நாட்கூலி என்றால் 1,200. சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (முதலாளி மட்டும் கட்டுவது, ETF) இரண்டையும் இந்தத் தொகைக்குக் குறைந்த ஒன்றில் கணக்கிட முடியாது. ஆகவே முழு மாதம் வேலை செய்த உங்களுக்கு வெட்டு 2,400க்குக் குறையக்கூடாது. வெட்டுக் கூடினால் கைக்கு வருவது குறையுமே என்று நினைக்காதீர்கள். முதலாளி தன் பங்காக 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும். 24,000 என்று எழுதுவதால் அவர் மாதம் 900 ரூபா உங்களுக்குக் கட்டாமல் விடுகிறார். பத்து வருடத்தில் அது 108,000, வட்டி வேறு. மேலதிக நேரக் கொடுப்பனவும் அதே குறைந்த தொகையில்தான் கணக்கிடப்படும்.

எனக்கு இது சொந்த அனுபவம். 2011இல் நான் முதலில் வேலைக்குப் போன இடத்தில் மூன்று வருடம் சேமலாப நிதியே கட்டவில்லை. “சண்டை பிடியாதை, கிடைச்ச வேலையைப் பார்” என்று அம்மா சொன்னா. வரவுப் பதிவின் பிரதிகளோடு தொழில் திணைக்களத்துக்குப் போனேன். அலைச்சல்தான், ஆனால் அந்த மூன்று வருடப் பணமும் என் பேரில் விழுந்தது. பிந்திக் கட்டுகிற முதலாளிக்கு 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் சேமலாப நிதி அங்கத்தவர் இலக்கத்தை முதலில் கேட்டு வாங்குங்கள்.

இனி யந்திரம். பேட்டன்ட் விஷயத்தில் அடிப்படைச் சட்டம் இன்னும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்தான். பழைய சட்டம், ஆனால் உங்களுக்கு மிகவும் வேண்டியது அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதை வாசித்தவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ்ப் பிரதி வாசிக்கக் கஷ்டம், பொருள் முரண்பட்டால் சிங்களப் பிரதியே செல்லும், அதனால் எல்லாரும் “கொழும்பில கேட்டால்தான் தெரியும்” என்று விட்டுவிடுகிறார்கள்.

“என்ர பட்டறை, என்ர இரும்பு, ஆகவே யந்திரமும் என்ர” என்று முதலாளி சொல்வதில் பாதி சரி. புதிதாகக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் அவருடைய தொழிலுக்குள்ளேயே, அவர் தந்த கருவிகளையும் பொருட்களையும் வைத்துச் செய்திருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் உரிமை அவருக்குத்தான் போகும். மற்றப் பாதி உங்களுடையது. அப்படிப்பட்ட ஊழியருக்கு நியாயமான கொடுப்பனவு உண்டு. உங்கள் சம்பளம், கண்டுபிடிப்பின் பெறுமதி, அதால் முதலாளிக்கு வந்த பயன் எல்லாம் பார்த்து அதைத் தீர்மானிக்க வேண்டும். இருவரும் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும். இந்த உரிமையை ஒப்பந்தம் போட்டுக் குறைக்கவும் முடியாது. நியமனக் கடிதத்தில் ‘எல்லாம் நிறுவனத்துக்கே’ என்று ஒரு வரி இருந்தாலும் பயப்படாதீர்கள். கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் பேட்டன்டில் வர வேண்டும். வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அது விடுபடும். அப்படி ஒரு தாளை நீட்டினால் ஒப்பமிடாதீர்கள்.

மாறாக, லேத்தும் இரும்பும் உங்களுடையது, வீட்டு முற்றத்தில் செய்தது என்றால் கதை வேறு. அதனால்தான் எந்தப் பாகத்தை எங்கே, யாருடைய பொருளில் செய்தீர்கள் என்று இன்றைக்கே திகதியோடு எழுதி வையுங்கள். படங்களை அழிக்க வேண்டாம்.

யந்திரம் ஓடுகிற வீடியோவை முகநூலில் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இது அவசரம். பேட்டன்டுக்கு அந்தக் கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். பகிரங்கமாகிவிட்டால் புதிதல்ல. எங்கள் சட்டம், விண்ணப்பதாரரே வெளியிட்டதற்கு ஒரு வருட அவகாசம் தருகிறது. அதற்குள் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம் விழ வேண்டும். ஐரோப்பாவில் அப்படியான பொது அவகாசம் இல்லை. உங்கள் வீடியோவாலேயே அங்கே அந்தக் கதவு மூடியிருக்கும். அதே மாதிரி யந்திரம் வேறெங்காவது ஏற்கெனவே உண்டா என்றும் தேடுங்கள். பேட்டன்ட் கிடைத்தால் 20 வருடப் பாதுகாப்பு.

முதலாளியோடு வாய்ச்சண்டை வேண்டாம். யந்திரம், தொடங்கிய திகதி, பெயர் சேர்க்கும்படியும் கொடுப்பனவு பேசும்படியும் கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சிட்டையை வைத்துக்கொண்டே தொழில் திணைக்களத்துக்குப் போகலாம், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. இதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு மனுப் போட வேண்டும்.

வைப்புப் பணத்தின் வட்டியில் வங்கி இப்போது வரியாகக் கூடுதலாக வெட்டுகிறதா என்று கீழே ஒரு அக்கா கேட்டிருந்தா. ஆம், 2025 ஏப்ரலிலிருந்து 5 வீதம் 10 ஆகிவிட்டது. வருடத்துக்கு 18 இலட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் வரி இலக்கம் எடுத்து, வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். வெளிநாட்டுக் காசை நிலையான வைப்பில் போட்டிருக்கிற அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள்.

தம்பி, வீடியோ போட்ட திகதியைக் கீழே எழுதுங்கள். எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிச் சொல்கிறேன்.