கேள்வி பதில்: பட்டினி போட்டால் குதிரை அடங்குமா?

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் நான்கு வயது ஆண் குதிரை ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதம் சாதுவாக இருந்தது. இப்போது தீனி வைக்கப் போனாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பாய்கிறது. சென்ற வாரம் அப்பாவின் தோளைக் கவ்விவிட்டது. மூன்று நாள் பட்டினி போட்டு, கட்டி வைத்து அடித்தால் அடங்கும் என்கிறார் தரகர். செய்யலாமா, டாக்டர் ஐயா?
– ஒரு வாசகர், பவானி

பதில்: வேண்டாம் தம்பி. அதற்கு முன், அப்பாவின் தோள். தோல் கிழிந்திருந்தால், ஒரு வாரம் கடந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வெறிநாய் கடித்த குதிரைக்கும் ரேபீஸ் வரும். அதற்கான தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். குதிரைக்கு எச்சில் ஒழுகுகிறதா, விழுங்கத் தடுமாறுகிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரும் அதன் வாயருகே கை கொண்டு போகக் கூடாது. கால்நடை மருத்துவரை உடனே வரவழையுங்கள்.

இனி பட்டினி. உங்கள் கடிதத்தில் 'தீனி வைக்கப் போனாலே' என்ற இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மேய விட்டால் நாளில் 15, 16 மணி நேரம் மெல்லும் பிராணி அது. காலையில் ஒரு படி கொள்ளு, மாலையில் ஒரு படி, நடுவில் வெறும் வாய் என்று கட்டிப்போட்டால் வயிற்றில் புண் வரும். அந்த வலியோடு இருப்பதைப் பட்டினி போடச் சொல்கிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் இடது முன்கையில் இன்றும் ஒரு பல் தடம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு வண்டிக் குதிரை கடித்தது. கடிவாளம் மாட்டும்போதெல்லாம் அது கடிக்க, சொந்தக்காரர் அடிப்பார். மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்தேன். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தி போல் கூர்ந்து, கன்னத்தின் உட்புறம் முழுக்கப் புண். அரத்தால் ராவிவிட்டேன். வலி போயிற்று, கடி உடனே போகவில்லை. கடித்தால் ஆள் விலகிவிடுவான் என்று அது கற்றிருந்தது. அதை மறக்கப் பல மாதங்கள் ஆயின.

ஆகவே பல், வயிறு, முதுகு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை தீனித் தொட்டியை வேலிக்கு வெளியே நின்று நிரப்பும்படி மாற்றுங்கள். நாள் முழுக்கக் காய்ந்த புல் கிடக்கட்டும். கையில் வைத்து வெல்லம் ஊட்டுவதை நிறுத்துங்கள். குழந்தைகள் கொட்டில் பக்கமே வரக் கூடாது. நீங்களும் தனியாக உள்ளே போகாதீர்கள். இன்னொரு குதிரை அதன் கண்ணில் படும்படி இருந்தால் நல்லது, தனிமையும் அதை மூர்க்கமாக்கும்.

இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால் காயடித்துவிடலாம். மறுநாளே மாறிவிடாது, பல வாரங்கள் ஆகும். பழகிப்போன கடி அதற்குப் பிறகும் தொடரலாம்; அதற்கு அனுபவமுள்ள பயிற்சியாளர் வேண்டும்.

எல்லாம் செய்தும் ஆளைத் துரத்தினால் உங்கள் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆனால் கடிக்கும் என்று சொல்லித்தான் கைமாற்ற வேண்டும். இன்னொன்று: தாயை இழந்து, புட்டிப்பாலில் மனிதர் கையிலேயே வளர்ந்த குட்டியா என்று தரகரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அப்படியானால் பயிற்சியை வேறு விதமாகத் தொடங்க வேண்டும்.