ஓட்டுவது வேறொருவர், லோடு உங்களுடையது: பிக்கப் கேள்வி-பதில்

கேள்வி: பிக்கப்பில் சாமான் ஏற்றும் பாடிக்கு மேல் சுருட்டும் வகை மூடி போட்டிருக்கிறேன். வண்டியை தினமும் வேறு வேறு ஆட்கள் எடுத்துப் போகிறார்கள். மூடியில் கீறல்கூட இல்லை, உள்ளே சாமான் மட்டும் குறைகிறது. தகட்டு மூடிக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: மூடி இருக்கட்டும், டெயில்கேட்டில், அதாவது பாடியின் பின்பக்கம் கீழே இறங்கும் கதவில், பூட்டு இருக்கிறதா? அதை நீங்கள் எழுதவே இல்லை. சுருட்டு மூடியானாலும் மடக்கு மூடியானாலும் அதன் தாழ் பாடிக்கு உட்புறம்தான் இருக்கும். டெயில்கேட்டை இறக்கிவிட்டால் கை நேராக அந்தத் தாழுக்குப் போகும். மூடியைத் தொடாமலே சாமானையும் இழுத்துவிடலாம். உங்கள் வண்டியில் நடப்பது அதுதான். முதலில் டெயில்கேட்டுக்குப் பூட்டு போடுங்கள். தகட்டு மூடியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். துணி மூடியைக் கத்தியால் கிழிக்க முடியும், அலுமினியப் பலகை மூடியை அப்படிக் கிழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் டெயில்கேட் பூட்டாத வண்டியில் இரண்டும் மழைக்கும் தூசிக்கும் மட்டுமே உதவும்.

கேள்வி: ரிமோட்டை அழுத்தினால் கதவோடு சேர்ந்து டெயில்கேட் பூட்டும் திறந்துகொள்கிறது. ஓட்டுபவருக்குக் கதவு மட்டும் திறந்தால் போதும். பிரிக்க முடியுமா?

பதில்: கைப்பிடியை இழுத்துத் திறக்கும் டெயில்கேட்டாக இருந்து, அதில் சாவித் துவாரமும் இருந்தால் முடியும். துவாரத்தில் சாவி போட்டு இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் வருஷக்கணக்கில் யாரும் திருப்பாமல் அது இறுகிப்போயிருக்கும். திரும்பினால் பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, டெயில்கேட்டை இறக்கி, உட்புறத் தகட்டைக் கழற்றுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதன் கனெக்டரைப் பிடுங்கி, டேப் சுற்றி, ஆடாமல் கட்டிவிடுங்கள். பக்கத்தில் ஓடும் கேமரா ஒயரை இழுத்துவிட வேண்டாம். தகட்டை மூடுவதற்கு முன் சாவியால் பத்து முறையாவது பூட்டித் திறந்து பாருங்கள். உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் பழையதானால் கை பட்டாலே உடையும், அது போனால் பூட்டு சும்மா சுற்றும்.

ஃபியூஸைப் பிடுங்கி வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அதே ஃபியூஸ்தான் கதவுகளுக்கும். பொத்தானை அழுத்தித் திறக்கும் மின்சார டெயில்கேட் என்றால் ஒயரில் கை வைக்கவே வேண்டாம். மதிப்புள்ளதைப் பாடிக்குள் தனிப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் சாவிக்குள் மடங்கியிருக்கும் இரும்புச் சாவியை எடுத்துவிட்டு ஓட்டுநரிடம் கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வண்டி ஓடும், கதவு பூட்டும், ஆனால் டெயில்கேட் துவாரமும் டாஷ்போர்டு பெட்டியும் திறக்காது. ரிமோட் பேட்டரி தீர்ந்தால் அவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும், அதனால் கொடுக்கும் முன் புது பேட்டரி போடுங்கள். ரிமோட்டில் கதவோடு சேர்ந்து டெயில்கேட் பூட்டும் திறக்கும் வண்டியில், மேலே சொன்னபடி பிரிக்காதவரை இதனால் பயன் இல்லை.

கேள்வி: சாவிக்கொத்து பெரிதாகிவிட்டது. டெயில்கேட், கருவிப்பெட்டி, மூடி எல்லாவற்றுக்கும் வண்டிச் சாவியே பொருந்தும்படி பூட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். வசதியாக இருக்கிறது. இப்போது இரண்டு பேர் மாறி மாறி ஓட்டப் போகிறார்கள். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: வேறு எதையும் கவனிப்பதற்கு முன் அந்தப் பூட்டுகளைக் கழற்றுங்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே சாவியில்தான் வந்து நிற்கின்றன. வண்டியை ஓட்டும் உரிமை வேறு, லோடைத் திறக்கும் உரிமை வேறு. இரண்டையும் ஒரே சாவியில் வைத்தால், கழுவக் கொண்டுபோகிறவர், சர்வீஸ் மெக்கானிக், ஒரு நாள் இரவல் வாங்கிய உறவினர் என்று வண்டியை நகர்த்துகிற ஒவ்வொருவர் கையிலும் உங்கள் கருவிப்பெட்டியைக் கொடுக்கிறீர்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். சாவி அவர்கள் கையிலிருந்து எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் வாங்கிய வகை, முதல் முறை நுழைக்கும் சாவியின் வெட்டைப் பிடித்துக்கொண்டு அதற்கே நிலைத்துவிடும். மறுபடி மாற்ற முடியாது, வேறு பூட்டுதான் வாங்க வேண்டும். செலவானாலும் மாற்றுங்கள். கொத்து பெரிதாகக் கூடாது என்பது நியாயமான ஆசை, அதற்கு வழி இருக்கிறது. டெயில்கேட், பெட்டி, மூடியின் தொங்கு பூட்டு ஆகிய மூன்றும் ஒரே சாவிக்குத் திறக்கலாம். அந்தச் சாவி வண்டிச் சாவியாக இல்லாமல் இருந்தால் போதும். பூட்டுக் கடையில் ஒரே சாவிக்கு வெட்டிய செட் என்று கேளுங்கள். இரண்டு வளையம் வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டும் சாவி ஒன்றில், லோடு சாவி இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துக் கோர்க்கவே கூடாது.

இறக்கும் இடத்தில் ஓட்டுநரே திறந்து கொடுக்க வேண்டும் என்றால், அன்றைய லோடு இருக்கும் பகுதியின் சாவியை மட்டும் அன்றைக்குக் கொடுங்கள். விலையுள்ள கருவிகள் வேறு சாவியுள்ள பெட்டியில் இருக்கட்டும். அடிக்கடி ஆள் மாறுகிற வண்டிக்கு நம்பர் பூட்டும் ஒத்துவரும், ஆனால் ஒருவர் விலகிய அன்றே எண்ணை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஒரே எண் வைத்திருப்பவர்கள் பூட்டு போடாதவர்களோடு சேர்த்தி.

இன்னொன்று. கருவிப்பெட்டியோடு வரும் சின்ன கேம் பூட்டின் (சாவியைத் திருப்பினால் பின்னால் ஒரு நாக்கு திரும்பும் வகை) முகத்தைப் பாருங்கள், ஒரு எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் சாவி கிடைக்கும். சிஎச்751 என்று இருந்தால் அதே சாவி எண்ணற்ற பெட்டிகளுக்கும் கேம்பர் வண்டிகளுக்கும் பொருந்தும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதைக் கழற்றிவிட்டு அதே துளையில் உட்காரும் வேறு கேம் பூட்டு போடுங்கள். துளை பெரும்பாலும் 19 மி.மீ. சுற்றளவில்தான் வரும், தகட்டின் தடிமனை மட்டும் அளந்துகொண்டு போங்கள். உதிரிச் சாவியைச் சக்கர வளைவுக்குள் காந்த டப்பாவில் ஒட்டி வைப்பதும், டாஷ்போர்டு பெட்டிக்குள் போடுவதும் வேண்டாம். தேடுகிறவன் முதலில் பார்ப்பது அங்கேதான்.

கேள்வி: எந்தப் பூட்டு நல்லது?

பதில்: எதற்கு? பெட்டிக்கா, டெயில்கேட்டுக்கா, சங்கிலிக்கா? இவ்வளவு சுருக்கமாக எழுதினால் நானும் பொதுவாகத்தான் சொல்ல முடியும். தொங்கு பூட்டானால் வளையக் கம்பி 10 மி.மீ.க்குக் குறையாத கடினமாக்கிய எஃகாக இருக்கட்டும், பூட்டின் தோள் உயர்ந்து கம்பியை மறைத்திருக்கட்டும். கட்டரின் வாய் நுழைய இடமில்லாவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஐரோப்பிய சிஇஎன் தர எண் 1 முதல் 6 வரை உண்டு, 4 வாங்கினால் போதும். பூட்டைவிடக் கொண்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். திருகு வெளியே தெரிகிற கொண்டியில் எவ்வளவு நல்ல பூட்டு தொங்கினாலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். தலை வழுவழுப்பாக உருண்ட 8 மி.மீ. போல்ட், உட்பக்கம் 3 மி.மீ. தகடு, அதன்மேல் உள்ளே நைலான் வளையம் வைத்த எஃகு நட்டு. இதுதான் முறை.

கேள்வி: கருவிப்பெட்டியைப் பாடியின் விளிம்பில் கிளாம்ப் போட்டுத்தான் பிடித்திருக்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. வெளியிலிருந்து கிளாம்பைத் தளர்த்தினால் பெட்டியே போய்விடும். பெட்டியின் அடியிலிருந்து பாடித் தரை வழியாக 10 மி.மீ. போல்ட் நான்கு. போல்ட்டின் தலை கீழே, நட்டு பூட்டிய பெட்டிக்குள்ளே. தரைக்கு அடியில் அகலமான தகடு வையுங்கள், வெறும் வாஷர் ஒரு மி.மீ. தரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். துளை போடும் முன் கீழே குனிந்து பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். துளை விளிம்பில் பிரைமர் அடியுங்கள். அலுமினியப் பெட்டி இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் விரிப்பு வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

கேள்வி: டெயில்கேட்டையே கழற்றிக்கொண்டு போகிறார்களாமே?

பதில்: போகிறார்கள். பல மாடல்களில் டெயில்கேட்டைப் பாதி இறக்கி ஒரு பக்கக் கீலைத் தூக்கினால் வெளியே வந்துவிடும், கழுவ வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்று நீங்களே தூக்கிப் பாருங்கள். அந்தக் கீலின் வாய்ப் பிளவை மூடும்படி ஒரு ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் (ரப்பர் குழாயை இறுக்கும் திருகுப் பட்டை) சுற்றி முறுக்குங்கள், திருகுத் தலை கைக்கு எட்டாத பக்கம் இருக்கட்டும். டெயில்கேட் முழுதாக இறங்கி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். கிளாம்ப் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். டெயில்கேட் பூட்டியிருந்தால் பாதி இறக்கவே முடியாது என்பதால் முதலில் வேண்டியது இங்கேயும் பூட்டுதான்.

கேள்வி: ஓட்டுநர் சாவியைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னார். புதுச் சாவி செய்து கொடுத்துவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. புதுச் சாவி சேர்த்ததால் பழையது செத்துவிடாது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்த சாவிகளை அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் மறுபடி பதிய வேண்டும். வீட்டில் இருக்கும் உதிரியையும் மறக்காமல் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதுவும் வேலை செய்யாது. அப்படி அழித்தாலும் நின்றுபோவது இன்ஜின் மட்டுமே. இரும்புச் சாவி இன்னும் கதவையும் டெயில்கேட்டையும் திருப்பும். லோடு சாவி தனியாக இருந்திருந்தால் கதவுப் பூட்டை மாற்றுவதோடு போயிருக்கும். இப்போது எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் போட்டுவிட்டேன், இன்னும் பூட்டு எதற்கு?

பதில்: ஜிபிஎஸ் வண்டி எங்கே என்று சொல்லும். பெட்டியிலிருந்து டிரில் இறங்கியதைச் சொல்லாது.

கேள்வி: வழியில் யாராவது திறந்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எண் போட்ட பிளாஸ்டிக் சீல். கொண்டித் துளையில் கோர்த்து இழுத்தால் இறுகும், வெட்டாமல் வராது. கிளம்பும்போது எண் தெரியப் படம் எடுங்கள், இறக்கும் இடத்தில் எண்ணை ஒப்பிட்டு, ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். மிச்ச சீல்களை வண்டியில் வைத்தால் முழு ஏற்பாடும் வீண். ஐஎஸ்ஓ 17712 தரம் சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: திறந்ததைக் காட்டுவது, ஓரளவு தடுப்பது, கன்டெய்னர்களில் வரும் போல்ட் வகை. பிக்கப்புக்கு முதல் வகை போதும். சீல் பூட்டாகாது, பூட்டோடு சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: ஓட்டுபவர்கள் லோடை ஒழுங்காகக் கட்டுவதில்லை. 300 கிலோ கம்ப்ரஸருக்கு எத்தனை பெல்ட்?

பதில்: இரண்டு, ஆனால் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். அவசர பிரேக்கில் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னால் தள்ளும், திருப்பத்தில் பக்கவாட்டிலும், பின்பக்கமும் எடையில் பாதி. உங்கள் கம்ப்ரஸர் சுமார் 240 கிலோ விசையோடு முன்சுவரைத் தேடும். அதனால் முன்சுவரில் முட்டக் கொடுத்து வையுங்கள், இடைவெளி இருந்தால் மரக்கட்டை அடையுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். சக்கரம் வைத்த கம்ப்ரஸர் என்றால் சக்கரத்துக்கும் கட்டை வேண்டும். பெல்ட் மேலாகப் போய் இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கட்டும். தரையோடு 30 டிகிரியில் சாய்ந்தால் அழுத்தம் பாதியாகிவிடும்.

50 மி.மீ. ராட்செட் பெல்ட்டில் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் வகை) 2,500 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கையால் முறுக்கினால் ஏறும் இறுக்கம் 300 கிலோ சுற்றளவில்தான். பாடி வளையத்தின் தாங்கும் அளவு பெல்ட்டைவிடக் குறைவாகவே இருக்கும், வண்டிக் கையேட்டில் பாருங்கள். ராட்செட்டின் உருளையில் பெல்ட் இரண்டு மூன்று சுற்று இருக்கட்டும். கூர்விளிம்பில் காப்பு வையுங்கள். பாலியஸ்டர் பெல்ட் வாங்குங்கள், நைலான் நனைந்தால் தளரும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு தார்ப்பாய்க்குத்தான், லோடுக்கு ஒருபோதும் இல்லை. கிளம்பி பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி முறுக்க வேண்டும், லோடு குலுங்கி அமர்ந்ததும் பெல்ட் தளரும். கட்டிய பிறகும் நிறுத்திய இடத்திலும் ஒவ்வொரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: காவலுக்கு ஒரு ஆளைப் பாடியில் உட்கார வைக்கலாமா?

பதில்: கூடாது. லோடு நகர்ந்தால் முதலில் நசுங்குவது அவர்.

கேள்வி: மூடி போட்ட பாடியில் பெட்ரோல் கேன் வைத்துப் பூட்டலாமா?

பதில்: வேண்டாம். மூடிய இடத்தில் ஆவி தேங்கும், உள்ளே விளக்கோ பூட்டு மோட்டாரோ இருந்தால் ஒரு பொறி போதும். நிரப்பும்போது கேனைப் பாடியிலேயே வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் விரிப்பில் நிலைமின்சாரம் சேர்ந்து பற்றிக்கொள்ளும். கேனைத் தரையில் இறக்கி, பம்ப் முனை கேனைத் தொட்டபடி நிரப்புங்கள். ஓட்டும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பூட்டு தூசியில் இறுகுகிறது. என்ஜின் ஆயில் விடலாமா?

பதில்: தூசி அதில் ஒட்டிப் பசையாகும். காய்ந்த வகை டெஃப்லான் ஸ்ப்ரே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. முன்பு கிராஃபைட் தூள் போட்டிருந்தால் அதன்மேல் எந்த எண்ணெயும் வேண்டாம்.