ஜொஸ் வீடன் விஷயத்தில் ரசிகர்கள் ஏன் இன்னும் அடிபடுகிறார்கள்?

ஹொலிவூட் இயக்குநர் ஜொஸ் வீடன் பற்றி, 'கோர்ட்டுக்கே போகாத குற்றச்சாட்டை எப்படி நம்புவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் பெடியன்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

2017இல் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் விலகியதும் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை முடித்துக் கொடுத்தவர் வீடன். படப்பிடிப்பில் வீடன் நடிகர்களையும் குழுவினரையும் கேவலமாக நடத்தினார் என்று அதில் நடித்த ரே ஃபிஷர் சொன்னது 2020 ஜூலையில். ஸ்னைடர் ரசிகர்கள் உடனே நம்பினார்கள், அவர்களுக்கு வீடன் மேல் ஏற்கெனவே கடுப்பு. மற்றப் பக்கம், வீடன் உருவாக்கிய 'பஃபி' தொலைக்காட்சித் தொடர் பார்த்து வளர்ந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். இரண்டு தரப்புக்கும் ஆதாரம் பெரிதாகத் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை.

என்னை யோசிக்க வைத்தது 2021 பெப்ரவரி. 'பஃபி'யில் நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர், தான் கர்ப்பமாக இருந்தபோது வீடன் மோசமாக நடத்தினார் என்று எழுதினார். வேறு படப்பிடிப்பு, கிட்டத்தட்ட பதினைந்து வருட இடைவெளி, ஆனால் ஒரே மாதிரியான முறைப்பாடு. கூட நடித்த சிலரும் கார்ப்பென்டர் பக்கம் நின்றார்கள். இது தீர்ப்பு இல்லை, சரி. ஆனால் 'ஜஸ்டிஸ் லீக் ஓடாத கோபத்தில் சொல்கிறார்கள்' என்று தள்ளிவிட முடியாது.

'ஜஸ்டிஸ் லீக்' படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனம் விசாரித்து 'நடவடிக்கை எடுத்தோம்' என்றது, யார் மேல் என்று சொல்லவில்லை. சண்டை ஓயாததற்கு அதுவும் காரணம். 2022இல் வீடன் பெரும்பாலானதை மறுத்தார். அதே படத்தில் நடித்த கல் கடோட்டை மிரட்டியதாகச் சொல்லப்பட்டதற்கு, மிரட்டவில்லை, ஆங்கிலம் அவருடைய தாய்மொழி இல்லையே என்றார். தனக்கு நன்றாகவே விளங்கியது என்று கடோட் பதில் கொடுத்தார்.