30-06-ஐ 'ஆக்லி' ஆக மாற்றினால் 200 அடி வேகம் கூடுமா?

கேள்வி: ஹூஸ்டனுக்கு வெளியே வசிக்கிறேன். எச்-1பி விசா. நண்பர்களுடன் மூன்று சீசனாக மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். என்னிடம் இருப்பது 30-06 என்ற வகைத் தோட்டா போடும் ஒரு பழைய ரைஃபிள். துப்பாக்கிக் கண்காட்சியில் பழக்கமான ஒருவர், இதன் சேம்பரை (தோட்டா உட்காரும் குழியை) 'ஆக்லி இம்ப்ரூவ்ட்' ஆகக் கடைந்து தருகிறேன், நொடிக்கு 200 அடி வேகம் கூடும் என்கிறார். 450 டாலர் கேட்கிறார். தானே தயாரித்த 100 தோட்டாவும், எவ்வளவு பவுடர் என்ற குறிப்பும் இலவசமாம். அதன் பிறகு நானே வீட்டில் கூடு, பவுடர், குண்டு சேர்த்துத் தோட்டா போட்டுக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா? எந்தப் பவுடர், எவ்வளவு போடுவது? நண்பர்களுக்கும் கொஞ்சம் செய்து கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 200 அடியைப் பார்த்துவிடுவோம். ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது அதிலேயே தெரிந்துவிடும்.

கம்பெனித் தோட்டா எதற்கும் அளவும் அழுத்தமும் எழுதி வைத்த வரைபடம் உண்டு. அமெரிக்காவில் அந்தக் கணக்கைப் பார்ப்பது 'சாமி' என்ற உற்பத்தியாளர் அமைப்பு. 1926 முதல் இருக்கிறது. (பெயரைப் பார்த்துக் கும்பிட வேண்டாம், எழுத்துகள் சேர்ந்து அப்படி அமைந்துவிட்டது.) அந்தப் பட்டியலில் சேராமல், யாரோ ஒருவர் பட்டறையில் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ தோளை மாற்றியோ உருவாக்கிய தோட்டாதான் வைல்ட்கேட், அதாவது காட்டுப்பூனை. சில காட்டுப்பூனைகள் பிற்பாடு வீட்டுக்குள் வந்துவிட்டன. 22-250 என்ற தோட்டாவை 1965-இலும், 25-06-ஐ 1969-இலும், 35 வீலனை 1988-இலும் ரெமிங்டன் கம்பெனி தத்தெடுத்தது. உங்கள் 30-06 ஆக்லி இன்னமும் வெளியேதான் திரிகிறது.

பார்க்கர் ஆக்லி என்ற பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்மியர் செய்தது எளிய வேலை. பித்தளைக் கூட்டின் உடலைக் கொஞ்சம் நேராக்கி, தோளின் சரிவை 40 டிகிரிக்கு நிமிர்த்தினார். 30-06-இன் தோள் பதினேழரை டிகிரிதான். இந்த மாற்றத்தால் கூட்டுக்குள் இடம் கூடுகிறது. எவ்வளவு? உங்கள் கூட்டில் சுமார் 5, 6 சதவீதம்.

தோட்டா போடுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அழுத்தம் மாறாமல் இருந்தால், இடம் எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதில் கால் பங்குதான் வேகம் கூடும். ஆறு சதவீதத்தில் கால் என்றால் ஒன்றரை. 165 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 2,800 அடி போகிறது என்று வையுங்கள். கூடுவது நாற்பது அடி சொச்சம். இருநூறு அல்ல. இருநூறு வேண்டுமென்றால் கூட்டுக்குள் கிட்டத்தட்ட 28 சதவீதம் இடம் கூட வேண்டும். அது வேறு தோட்டா, வேறு துப்பாக்கி.

அப்படியானால் அவர் காட்டும் மீதி 160 அடி எங்கிருந்து வருகிறது? அழுத்தத்திலிருந்து. 30-06-க்கு சாமி வைத்திருக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது 35. அந்த அறுபதாயிரம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் பிறந்து அடங்குகிறது. அதற்கு மேல் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அளக்கும் கருவி அவரிடம் இருக்காது. "பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைப்பது) தட்டையாகவில்லை, போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) சுலபமாகத் தூக்க வருகிறது, அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிரைமர் தட்டையாகி, போல்ட் இறுகி, கூட்டின் அடியில் பளபளவென்று தடம் விழும்போது பெரும்பாலும் நீங்கள் வரம்பைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருப்பீர்கள். அந்த அறிகுறிகள் எச்சரிக்கைப் பலகை அல்ல, விபத்து நடந்த இடத்தில் வைக்கும் பலகை.

அடுத்தது கடைசல். இங்கேதான் கண்காட்சி ஆட்கள் நோகாமல் காசு பார்க்கிறார்கள். ஆக்லி வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் பேரலைக் கழற்றி, ஒரு மரை அளவு பின்னுக்குத் தள்ளி, அப்புறம்தான் ரீமர் என்ற குடையும் கருவியை விட வேண்டும். முடித்த சேம்பர், பழைய 30-06-இன் 'கோ' கேஜ் (சேம்பரின் நீளத்தைச் சரிபார்க்கும் அளவுக் கட்டை) அளவைவிட ஆயிரத்தில் நாலு பங்கு அங்குலம் குட்டையாக இருக்க வேண்டும். ஒரு காகிதத்தின் தடிமன், அவ்வளவுதான். அப்போதுதான் கடையில் வாங்கிய சாதாரண 30-06 தோட்டாவைப் போட்டு மூடும்போது போல்ட் லேசாக இறுகி, தோட்டா ஆடாமல் நிற்கும். சுட்டதும் பித்தளை விரிந்து புது வடிவம் எடுக்கும். பேரலைக் கழற்றாமல், இருக்கிற சேம்பரிலேயே ரீமரை விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் அரை மணி நேர வேலை. ஆனால் தோட்டாவைத் தாங்க முன்னால் தோளே இல்லை. சுட்டதும் கூடு முன்னும் பின்னும் இழுபட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். ஒரு நாள் இரண்டாக அறுந்துபோகும்.

நானே இப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். மூன்றாவது தோட்டாவில் கூடு அறுந்து, வாயு முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். பாதிக் கூடு சேம்பரிலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு கம்மியர் வாங்கிய கூலியில் நல்ல ஸ்கோப் வாங்கியிருக்கலாம். கடைந்து கொடுத்த ஆளோ, உங்கள் தோட்டாதான் சரியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர்க் கண்காட்சிக்குப் போய்விட்டார்.

அதனால் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வேலை முடிந்ததும் சாதாரண 30-06 'கோ' கேஜைப் போட்டு, போல்ட் மூடவில்லை என்று எனக்குக் காட்டுவீர்களா?" ஆக்லி சேம்பரில் பழைய 'கோ' கேஜ்தான் 'நோ-கோ', அதாவது போல்ட் மூடக் கூடாத கட்டை. புரியாத மாதிரி விழித்தால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புரிந்து தலையாட்டினால், பேரலில் புதுப் பெயரைப் பொறித்துத் தருவாரா என்றும் கேளுங்கள். பொறிக்காமல் விட்ட ரைஃபிள் நாலு கை மாறிய பிறகு உள்ளே என்ன சேம்பர் என்று யாருக்கும் தெரியாது.

எந்தப் பவுடர், எவ்வளவு என்ற கேள்விக்கு நான் எண் சொல்ல மாட்டேன். சொல்கிற யாரையும் நீங்களும் நம்பாதீர்கள். கூட்டின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பவுடர் டப்பாவுக்கு டப்பா மாறும், பேரலுக்குப் பேரல் மாறும். பவுடர் கம்பெனியோ குண்டு கம்பெனியோ சோதனைச் சாலையில் அளந்து வெளியிட்ட கையேடு எதில் இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். அதில் சொன்ன குறைந்த அளவில் தொடங்குங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கையேட்டின் உச்ச வேகத்தை நீங்கள் எட்டிவிட்டால், பவுடர் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வேகம் வந்துவிட்டது என்றால் அழுத்தமும் வந்துவிட்டது.

சரி, இப்போது நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம். என்னைப் பொறுத்தவரை உங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அதற்கு விலக்கு இருக்கிறது: கையில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த விலக்கில்தான் நிற்கிறீர்கள். டெக்சாஸ் உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதி. மான் சீசன் நவம்பரில்தானே, அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நம் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் ரைஃபிள் சட்டவிரோதம். பூட்டி வைத்திருந்தாலும் சட்டவிரோதம்.

கைத்தோட்டா போடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் வெறும் பித்தளைக் கூடு, பிரைமர், குண்டு, பவுடர் எல்லாமே அடக்கம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தில் விசாவைக் கேட்பார்கள், உரிமத்தைப் பார்ப்பார்கள். ஒரு டப்பா பிரைமர் வாங்கும்போது யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. காட்டுப்பன்றி சுடுவதற்கு டெக்சாஸில், நில உரிமையாளர் சம்மதித்தால், 2019 முதல் உரிமமே வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு, நான் பன்றிதானே சுடுகிறேன் என்று உரிமம் எடுக்காமல் இருப்பவர்களைத் தெரியும். மாநிலம் கேட்காமல் விட்டது சுடுவதற்கு. மத்திய அரசு கேட்பது வைத்திருப்பதற்கு. இரண்டும் வேறு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை, கூடவே நாடு கடத்தலும் வரலாம். இதைத் தடுப்பது 25 டாலர் உரிமம். இத்தனை பெரிய தண்டனையை இத்தனை சின்னக் காகிதத்தில் தொங்கவிட்ட ஒரு ஏற்பாட்டை என்ன சொல்வது! உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும். அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

நண்பர்களுக்குச் செய்து கொடுப்பதா? வேண்டாம். காசுக்கு விற்பதைத் தொழிலாக்கினால் உற்பத்தியாளர் உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் மூன்று ஆண்டுக்கு 30 டாலர்தான், பின்னாலேயே 11 சதவீத வரியும் வரும். இலவசமாகக் கொடுத்தாலும், உங்கள் தோட்டாவால் நண்பரின் ரைஃபிள் வெடித்தால் அதன் பிறகு அவர் நண்பராக இருக்க மாட்டார்.

என் யோசனை: 30-06-ஐத் தொடாதீர்கள். அதற்கே கைத்தோட்டா போட்டுப் பழகுங்கள். கையேடு நிறைய இருக்கிறது, கூடு எங்கும் கிடைக்கிறது. நாற்பது அடி வேகம் கூடியதை எந்த மானும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆக்லி ஆசை தீரவே இல்லையென்றால் 280 ஆக்லி இம்ப்ரூவ்டில் கம்பெனி ரைஃபிளாகவே வாங்குங்கள். நோஸ்லர் என்ற குண்டு கம்பெனியின் முயற்சியால் 2007-இல் அது சாமி பட்டியலில் ஏறிவிட்டது, தோட்டா கடையிலேயே கிடைக்கும்.

அந்த 100 இலவசத் தோட்டாவை வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்காமல் குண்டைப் பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. குண்டை வைத்துக்கொள்ளலாம். பவுடரை எந்த டப்பாவிலும் சேர்க்காதீர்கள், அது என்ன என்று அவர் சொன்னாலும் சரி. புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிட்டால் போதும், உரமாகிவிடும்.