காலிக் கோப்பையும் ஒரு குடம் எண்ணெயும்

அன்புள்ள ஐயா,

யூத மறைஞான மரபான கபாலா பற்றிய உங்கள் பழைய கட்டுரையில், 'அருள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது, வாங்கிக்கொள்ளப் பாத்திரம்தான் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். ஜென் கதையிலும் கோப்பையைக் காலி செய்தால்தானே தேநீர் ஊற்ற முடியும்? மூன்று வருடமாகத் தியானத்தில் அதைத்தான் முயல்கிறேன். மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக்கூட இதற்காக நிறுத்திவிட்டேன். காலியானேனோ இல்லையோ, களைத்துப்போனேன். யூதர்கள் சொல்லும் தயார்நிலையும் இதுதானா?

பி.கு.: ஆன்லைனில் கபாலா சிவப்புக் கயிறு விற்கிறார்கள். வாங்கலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கயிற்றை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். தொசெஃப்தா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு, விரலில் சிவப்பு நூல் கட்டுவதை அயலாரின் மூடப்பழக்கம் என்று அன்றே தள்ளிவைத்திருக்கிறது. பிறகு எப்படியோ மணிக்கட்டு வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

அந்த வரியை நான் இன்னும் கொஞ்சம் விளக்கி எழுதியிருக்க வேண்டும். பாத்திரம் என்றதும் நமக்குக் காலிப் பாத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. கபாலாவில் விஷயம் ஏறக்குறைய தலைகீழ்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு யூத நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும், உதவுகிறேன் பேர்வழி என்று மேசையில் கிடந்த ரொட்டித் துண்டுகளை வழித்தெடுக்கப் போனேன். நண்பரின் அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். நன்றி ஜெபம் முடியும்வரை மேசையில் கொஞ்சம் ரொட்டி இருந்தாக வேண்டுமாம். காரணம் ஸோஹரில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டீலில் வெளிப்பட்ட நூல் அது, கபாலாவின் மூலநூல் என்றே சொல்லலாம். மேலிருந்து வரும் ஆசி வெறும் மேசையில் தங்காது என்கிறது. ஏற்கெனவே ஏதாவது இருக்கிற இடத்தில்தான் தங்கும்.

இதற்கு ஸோஹர் காட்டும் சாட்சி எலிசா தீர்க்கதரிசியின் கதை. பைபிளில் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம், முதல் ஏழு வசனம். கடன்காரன் பிள்ளைகளை அடிமையாக்கப் பிடித்துப்போக வந்து நிற்கிறான். விதவை எலிசாவிடம் அழுகிறாள். அவர் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு குடம் எண்ணெய் மட்டும். சரி, அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கு, கொஞ்சமாக வாங்காதே, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று என்கிறார். பிள்ளைகள் எடுத்துக் கொடுக்க அவள் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். இன்னொன்று கொடு என்கிறாள். வேறு பாத்திரம் இல்லையே என்கிறான் மகன். அந்த இடத்தில் எண்ணெய் நின்றுபோகிறது.

வெறும் பாத்திரமும் இதில் உண்டுதான். ஆனால் அந்த ஒரு குடம் இல்லையென்றால், ஊரிலுள்ள பாத்திரம் எல்லாம் வந்தும் பயனில்லை. ஸோஹருக்கு வெகுகாலம் முன்பே, யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முத் இதைப் பளிச்சென்று சொல்லிவிட்டது: மனிதர் கணக்கில் காலிப் பாத்திரம் கொள்ளும், நிறைந்தது கொள்ளாது. கடவுள் கணக்கில் நிறைந்தது கொள்ளும், காலியானது கொள்ளாது. அங்கே பேச்சு கல்வியைப் பற்றியது. ஏற்கெனவே காதுகொடுத்தவனுக்குத்தான் புதியது கேட்கும்.

சரி, ஏதோ இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. மித்ராஷ் எனப்படும் பழைய வேத விளக்கம் ஒன்றில் ஒரு ராஜாவிடம் மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. சுடுநீர் ஊற்றினால் வெடிக்கும், குளிர்ந்த நீர் ஊற்றினாலும் விரிசல் விடும். இரண்டையும் கலந்து ஊற்றுகிறான். கடவுள் கருணையையும் நீதியையும் கலந்து உலகைப் படைத்தார் என்பதற்கான உவமை அது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஊற்றுகிறவனுக்கு இருக்கும் கவலைக்காகவே.

16ஆம் நூற்றாண்டில், கலிலேயா மலையிலுள்ள சஃபேத் ஊரில், கபாலா குரு ஐசக் லூரியாவின் போதனையில் பாத்திரங்கள் உடைந்தேவிடுகின்றன. 1570இல் அங்கே வந்தவர், 1572இல் 38 வயதில் கொள்ளைநோயில் இறந்துபோனார். தாமாக எழுதியது சொற்பம். ஹயிம் விதால் போன்ற சீடர்கள் எழுதிவைத்ததுதான் நமக்குக் கிடைப்பது. ஆதியில் இறங்கிய ஒளியைத் தாங்காமல் கீழ்நிலைப் பாத்திரங்கள் உடைந்தன, ஒளிப்பொறிகள் எங்கும் சிதறின என்பது அந்தப் போதனை. ஏன் தாங்கவில்லை? அந்த மரபு சொல்லும் காரணங்களில் ஒன்று, அவை ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் இல்லாமல் தனித்தனியே நின்றன என்பது. ஒளி அதிகம் என்பதோடு கதை முடிவதில்லை, பார்த்தீர்களா?

அதனாலோ என்னவோ, லூரியா சொன்ன தயாரிப்பு மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. காலை ஜெபத்துக்கு முன், 'உன்னைப்போல் பிறனையும் நேசி' என்ற கட்டளையை ஒருவர் தம்மேல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் வாயைத் திறக்கலாம். தால்முத்தில் ரபி எலெயாசர் என்பவர் ஏழைக்கு ஒரு காசு கொடுத்துவிட்டுத்தான் ஜெபிக்கவே நிற்பார். மூச்சுப் பயிற்சி, மனதை வெறுமையாக்குவது எல்லாம் கபாலாவில் இல்லாமலில்லை. 13ஆம் நூற்றாண்டின் ஆபிரகாம் அபுலாஃபியா எழுத்துகளையும் மூச்சையும் வைத்து விரிவான முறைகளே எழுதியிருக்கிறார். ஆனால் அது ஒரு கிளை. உங்கள் களைப்புக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அந்த விதவையின் பாத்திரங்கள் அத்தனையும் அக்கம்பக்கத்து இரவல். உங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது கணக்குக்கு எங்கே போகிறார்கள்?