அழிய மறுக்கும் ஃபோல்டர்கள்: எந்தச் செய்திக்கு எந்த வழி?

கேள்வி: பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கை என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் யுஎஸ்பி வழியாக இணைத்திருக்கிறேன். அதிலுள்ள சில ஃபோல்டர்கள் டெலீட் ஆகவே மாட்டேன் என்கின்றன. ஒன்று 'ஃபோல்டர் இன் யூஸ்' என்கிறது. இன்னொன்று அனுமதி கேட்கிறது. மூன்றாவது, கண்ணெதிரே இருந்தும் 'குட் நாட் ஃபைண்ட் திஸ் ஐட்டம்' என்கிறது. பென் டிரைவில் ஒரு ஃபைல், அழித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும், பூட்டிக் கிடக்கும் ஃபைலை விடுவிக்கும் அன்லாக்கர் மென்பொருள் எதையாவது போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் போட வேண்டாம். நீங்கள் சொல்லும் நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. விண்டோஸ் காட்டும் செய்தியை வரிவிடாமல் படித்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

'இன் யூஸ்' என்று வருவதிலிருந்து தொடங்கலாம். ஒரு நிரல் ஃபைலைத் திறக்கும்போதே, தன் வேலை முடியும்வரை மற்றவர்கள் இதை அழிக்கலாமா கூடாதா என்பதையும் விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான நிரல்கள் 'கூடாது' என்றே சொல்கின்றன. ஃபைலை இப்படிப் பிடித்து வைத்திருப்பது வேர்டோ எக்ஸெலோ என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாமல் பிடித்திருப்பவைதான் தொல்லை: பின்னணியில் ஓடும் ஒன்டிரைவ், இறக்கி முடித்த பிறகும் பகிர்ந்துகொண்டிருக்கும் டோரன்ட் நிரல், அந்த ஃபோல்டருக்குள் நின்றபடி திறந்து கிடக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல். வீடியோ ஃபைல் என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையே சந்தேகப்படுங்கள். வலப்பக்கத்து முன்னோட்டப் பலகை அதைத் திறந்து வைத்திருக்கும். ஆல்ட் + பி அழுத்தி அதை மூடுங்கள். பிறகு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து திரும்பும், பயப்பட வேண்டாம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு அறிய, விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்து, சிபியு என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பகுதியின் தேடல் பெட்டியில் ஃபோல்டர் பெயரின் ஒரு துண்டைத் தட்டினால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் வரிசையாக வரும். இதைவிட எளிது, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள ஃபைல் லாக்ஸ்மித். அதை நிறுவிவிட்டால், ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்தே பார்த்துவிடலாம். பட்டியல் காலியாக வந்தால், அதே ஜன்னலில் அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி திறக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மற்றப் பயனர்களின் நிரல்களும் சேவைகளும் அப்போதுதான் தெரியும்.

நிரலின் பெயர் தெரிந்ததும் அதை முறையாக மூடுங்கள். 'எண்ட் டாஸ்க்' கடைசி வழிதான், சேமிக்காத வேலை போய்விடும். பிடித்திருப்பவர் பெயர் 'சிஸ்டம்' என்று வந்தால் கை வைக்கவே வேண்டாம். பகிரப்பட்ட ஃபோல்டர் என்றால், வீட்டிலோ அலுவலகத்திலோ வேறொரு கணினி நெட்வொர்க் வழியாக அதைத் திறந்திருக்கக்கூடும். இல்லையென்றால் கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல் ஏதோ ஒன்று பிடித்திருக்கும். இரண்டாவதற்கு ரீஸ்டார்ட் போதும்.

கவனியுங்கள், ரீஸ்டார்ட் என்றேன். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது அதே பலனைத் தராது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்கருவும் சேவைகளும் டிஸ்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் எழுகின்றன. பிடியும் கூடவே எழும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் விடாவிட்டால், மிக அவசியமான நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் அழிக்கலாம்: ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்த வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி என்றால் மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அனுமதி கேட்கும் ஃபோல்டர் விஷயம் வேறு. விண்டோஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட அடையாள எண் உண்டு. பழைய கணினியில் இதே பெயரில் கணக்கு வைத்திருந்தாலும் அந்த எண் வேறு. எனவே அந்தப் பழைய ஃபோல்டருக்கு நீங்கள் அந்நியர். ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போங்கள். மேலே 'ஓனர்' பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' என்பதை அழுத்தி உங்கள் கணக்குப் பெயரைக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரி. உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டத்தை டிக் செய்ய மறந்தால், மேல் ஃபோல்டர் மட்டும் மாறி உள்ளே மறுபடியும் முட்டும். உரிமை மாறியதும் ஜன்னல்களை மூடித் திறந்து, உங்கள் கணக்குக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்த பிறகே அழிக்க முடியும்.

இந்த வைத்தியத்தை உங்கள் சொந்த ஃபைல்களுக்கு மட்டும் செய்யுங்கள். இப்போது ஓடும் விண்டோஸின் ஃபோல்டர்களில் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற உரிமையாளர் பெயரைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள்; அது தன் ஃபைல்களைக் காக்க விண்டோஸே வைத்திருக்கும் கணக்கு. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு சி டிரைவில் கிடக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரையும் இப்படி உடைக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் பகுதியில் முந்தைய விண்டோஸ் நிறுவலை டிக் செய்து நீக்கலாம். நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

'குட் நாட் ஃபைண்ட்' என்பதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒட்டியிருக்கும். மேக், லினக்ஸ் கணினிகளில் இது செல்லும். அங்கே சுருக்கிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது இப்படி வந்து சேர்வதுண்டு. விண்டோஸோ கடைசி இடைவெளியை வெட்டிவிட்டுத் தேடும். அந்தப் பெயரில் ஒன்றும் இருக்காது. இலவச 7-ஜிப் மென்பொருளின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, அதே ஃபோல்டருக்குப் போய் ஷிஃப்ட் + டெலீட் கொடுங்கள். அது இந்த வெட்டல் நடக்காத வழியில் ஃபைலை அணுகுகிறது.

பெயர் சரியாக இருந்தும் அழியாவிட்டால் பாதையின் நீளத்தைப் பாருங்கள். டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர்வரை மொத்தம் 260 குறிகள் என்பது பழைய எல்லை. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, அதற்கான அமைப்பை இயக்கினால், அதை ஏற்கும் நிரல்கள் இதைத் தாண்டலாம். ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இன்னும் அதற்குள்ளேயே நிற்கிறது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த எல்லை சீக்கிரம் வரும். 'கு' என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு குறிகள். 'குடும்பப் புகைப்படங்கள்' என்பதில் நாம் எண்ணினால் 13 எழுத்துகள், கணினிக்கு இடைவெளியோடு 23 குறிகள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இப்படிப் பத்து அடுக்கு வைத்தால் தீர்ந்தது. அதற்காகத் தமிழ்ப் பெயரை விட வேண்டாம், அடுக்கைக் குறையுங்கள். இப்போது அழிப்பதற்கு, மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 1, 2 என்று ஒற்றை இலக்கப் பெயர் மாற்றிக்கொண்டே இறங்குங்கள். பாதை சுருங்கியதும் வழக்கம்போல அழியும். இங்கும் 7-ஜிப் வேலை செய்யும்.

அன்லாக்கர் மென்பொருள்களை வேண்டாம் என்றதற்குக் காரணம், தேடலில் முதலில் வரும் பலவற்றில் விளம்பர நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அதோடு, பிடியை வெளியிலிருந்து பிடுங்கினால் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் சிதையும்.

கடைசியாக, அந்தப் பென் டிரைவ். எஸ்டி அட்டை என்றால் எழுதுவதைத் தடுக்கும் பக்கவாட்டுப் பூட்டுப் பொத்தானைப் பார்க்கலாம், பென் டிரைவ்களில் அது அபூர்வம். அழித்த ஃபைல், கழற்றி மாட்டியதும் திரும்ப வருகிறது என்றால், உள்ளிருக்கும் நினைவகச் சில்லு எழுதுவதை நிறுத்திவிட்டது என்றே கொள்ளுங்கள். விண்டோஸ் அழித்ததாக நினைக்கிறது, சில்லில் எதுவும் மாறவில்லை. உறுதிப்படுத்த, ஒரு புதிய ஃபைலை அதில் நகலெடுத்து, முறையாக எஜெக்ட் செய்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். புதியது காணாமல் போயிருந்தால் ஃபார்மட்டும் பிடிக்காது, டிஸ்கில் பிழை தேடும் விண்டோஸின் எர்ரர் செக்கிங்கும் உதவாது. படிக்க முடிகிறவரை உள்ளதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, வேறு பென் டிரைவ் வாங்குங்கள். பழையதில் அந்தரங்கத் தகவல் இருந்தால், அழிக்க முடியாது என்பதால், தூக்கி எறியும் முன் உள்ளிருக்கும் கறுப்புச் சில்லை உடைத்துவிடுங்கள்.